ஊசி போடுற அன்னைக்கு இல்லைங்க, மாசமா இருக்கும்போதே சொல்லணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல குழந்தை நலம் பத்தி வர்ற கட்டுரைகளை விடாம படிக்கிறவள் நான். தடுப்பூசி பத்தியும் அப்பப்போ எழுதுறீங்க, சந்தோஷம், ஆனா பெரும்பாலும் "தவறாமல் தடுப்பூசி போடுங்கள்" அப்படிங்கிற அளவோட நின்னுடுது. பல வருஷமா பச்சக் குழந்தைகளுக்கு ஊசி போடுற நர்ஸ் நான், அந்த அனுபவத்துல ஒரு விஷயம் சொல்லணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு. தடுப்பூசி பத்தி அம்மாக்களுக்கு நாம சொல்ற நேரமே சரியில்லைங்க. குழந்தை பிறந்து ஒழுங்கா தூக்கமில்லாம, உடம்பு வலி இன்னும் போகாம, மடியில அழுற குழந்தையோட ஒரு பொண்ணு வந்து உக்காருறா, பின்னாடி க்யூ நிக்குது, என் கையில ஊசி ரெடியா இருக்கு, அந்த ரெண்டு நிமிஷத்துல அவளுக்கு எதைச் சொல்லி எதைப் புரியவைக்க முடியும்? சொன்னாலும் காதுல ஏறாது. இதெல்லாம் அவ மாசமா இருக்கும்போதே பேசியிருக்க வேண்டிய பேச்சு.

யோசிச்சுப் பாருங்க, கர்ப்பமா இருக்கிற பொண்ணு எத்தனை தடவை செக்கப்புக்குப் போறா. எடை பாக்குறாங்க, பிரஷர் பாக்குறாங்க, ஸ்கேன் எடுக்குறாங்க, இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறியான்னு கேக்குறாங்க. பிறக்கப்போற குழந்தைக்கு என்னென்ன ஊசி, எதுக்கு, எப்போன்னு அந்த மாசங்கள்ல யாராவது உக்கார வச்சு சொல்றாங்களா? சொல்ற இடம் இருக்கு, மறுக்கல, ஆனா ரொம்பக் கம்மி. அதே நேரத்துல அந்தப் பொண்ணு சும்மா இருக்கிறதில்ல. மொதக் குழந்தைன்னா கேக்கவே வேணாம், கையில போன், கிடைக்கிறதெல்லாம் படிக்கிறா, வீடியோ பாக்குறா, குரூப்ல வர்ற ஃபார்வர்டு எல்லாம் பாக்குறா. நாம வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே பயமுறுத்துற ஃபார்வர்டு போய்ச் சேந்துடுது, மொதல்ல மனசுல விழுந்ததை அப்புறமா எடுக்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல.

ஒரு பொண்ணைப் பத்தி சொல்றேன். ரெண்டாவது டோஸுக்கு மாசக்கணக்குல லேட்டா வந்தா. தடுப்பூசி அட்டையை பிளாஸ்டிக் கவர்ல போட்டு மடங்காம கசங்காம வச்சிருந்தா, அதைப் பாத்தாலே தெரியும் அக்கறை இல்லாத பொண்ணு இல்லன்னு. ஏம்மா இவ்ளோ நாள் வரலன்னு கேட்டேன். "மொத ஊசி போட்ட ராத்திரி உடம்பு கொதிச்சிடுச்சு சிஸ்டர், தொடை கல்லு மாதிரி ஆயிடுச்சு, காலைத் தொட்டாலே வீல்னு கத்துறான், எனக்கு கை காலெல்லாம் நடுங்கிடுச்சு, வீட்ல எல்லாரும் சேந்து இனிமே ஊசியே வேணாம்னுட்டாங்க" அப்படின்னா. காய்ச்சல் வரும்னு யாராச்சும் முன்னாடியே சொன்னாங்களாம்மான்னு கேட்டேன். "இல்லையே, அட்டையைக் கையில குடுத்து அடுத்த தேதி மட்டும் சொன்னாங்க." அவ்வளவுதான் நடந்திருக்கு. அந்தக் காய்ச்சல் எதிர்பாத்ததுதான், ஊசி போட்ட இடத்துல கட்டி மாதிரி வீங்குறதும் அப்படித்தான், பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல காய்ச்சல் இறங்கிடும், வீக்கம் மெல்லக் கரையும். இந்த ஒரு வரியை முன்கூட்டியே கேட்டிருந்தா அந்த ராத்திரியை அவ வேற மாதிரி கடந்திருப்பா, அந்தக் குழந்தை மாசக்கணக்குல பாதுகாப்பு இல்லாம இருந்திருக்காது.

இந்த மாதிரி லேட்டா வர்றவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுறேன். விட்டுப்போச்சேன்னு கூச்சப்பட்டுட்டு வராம இருந்துடாதீங்க. பொதுவா மொதல்லேருந்து ஆரம்பிக்க வேண்டியதில்ல, விட்ட இடத்துலேருந்து தொடரலாம். வந்தா திட்டுவாங்கன்னு பயந்தே எத்தனையோ பேர் வீட்லயே இருந்துடுறாங்க, இதை நான் என் கண்ணால பாக்குறேன், அதனால எங்க தொழில்ல இருக்கிறவங்களுக்கும் ஒரு வேண்டுகோள், லேட்டா வந்த அம்மாவைத் திட்டாதீங்க, அவ வந்ததே பெருசு.

சரி, மாசமா இருக்கும்போதே சொல்லணும்னு ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, சில விஷயத்துக்கு பிரசவத்துக்கு அப்புறம் யோசிக்க நேரமே கிடையாது. ஹெபடைட்டிஸ் பி ஊசியை எடுத்துக்கோங்க. குழந்தை பிறந்து 24 மணி நேரத்துக்குள்ள மொத டோஸ் போடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கல்லீரலைத் தாக்குற இந்தக் கிருமி பிரசவ சமயத்துல அம்மாகிட்டேருந்து குழந்தைக்குத் தொத்தினா, 10 குழந்தைகள்ல சுமார் 9 பேருக்கு அது உடம்புலேயே நிரந்தரமா தங்கிடும், பின்னாடி கல்லீரல் சுருக்கம், புற்றுநோய் வரைக்கும் போகலாம். இதே கிருமி பெரியவங்களுக்குத் தொத்தினா 100 பேர்ல 5 பேருக்குக் கம்மியாத்தான் தங்கும். கிருமி உள்ளே இருக்கிறதே பல அம்மாக்களுக்குத் தெரியாது, எந்தத் தொந்தரவும் காட்டாது. பிரசவ வலி ஓஞ்சு கண்ணு சொருகிக் கிடக்கிற பொண்ணுகிட்ட வந்து "ஊசி போடலாமா"ன்னு கேட்டா அவ என்ன பதில் சொல்வா? வேணாங்க, பிறந்தவுடனே எதுக்குன்னு பக்கத்துல நிக்கிறவங்க சொல்வாங்க. ஏழாம் மாசத்துலயே பேசி வச்சிருந்தா அந்தக் கேள்வியே வராது.

இன்னொண்ணு, குழந்தைக்கான மொத தடுப்பூசி அம்மாவோட கையில போடுறதுதான், இது நிறைய பேருக்குப் புரியவே இல்ல. கர்ப்பத்துல போடுற ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி அம்மாவுக்காக மட்டும்னு நினைக்கிறாங்க. அம்மா உடம்புல உருவாகுற எதிர்ப்பு சக்தி நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்குப் போகுது, குறிப்பா கடைசி மூணு மாசத்துல நிறைய போகுது, தொப்புள்கொடி வெட்டுன இடத்துல ரணஜன்னி கிருமி பூந்தாலும் குழந்தையைக் காப்பாத்துறது அதுதான். கக்குவான் இருமலும் இப்படித்தான். குழந்தைக்கு அந்த ஊசி ஆரம்பிக்கிறதே 6 வாரத்துலயோ 2 மாசத்துலயோதான், ஆனா அந்த நோய் ரொம்ப மோசமா தாக்குறது அதுக்கும் முன்னாடி இருக்கிற பிஞ்சுகளைத்தான். பெரியவங்க மாதிரி இழுத்து இழுத்துக் கூட இருமாது, அப்படியே மூச்சு நின்னு உதடு நீலமாயிடும், அதைப் பாத்த எந்த நர்ஸும் மறக்க மாட்டா. 2012ல பிரிட்டன்ல கக்குவான் இருமல் பெருகி பச்சக் குழந்தைங்க இறந்தப்போ அந்த வருஷமே கர்ப்பிணிகளுக்கு ஊசி போட ஆரம்பிச்சாங்க, அம்மா போட்டுக்கிட்ட குழந்தைகளுக்கு அந்த நோய் வர்றது பெருமளவு குறைஞ்சுது. இப்போ பல நாட்டுல இது வழக்கமாயிடுச்சு. உங்க நாட்டுல, உங்க டாக்டர் என்ன சொல்றாங்கன்னு செக்கப்லயே கேளுங்க.

எல்லா ஊசியும் கர்ப்பத்துல போடலாம்னு அர்த்தம் இல்ல, இதையும் தெளிவா சொல்லணும். தட்டம்மை, ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) ஊசி உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செஞ்சது, அதைக் கர்ப்பத்துல போட மாட்டாங்க, முன்னாடியே போட்டிருக்கணும், இல்லன்னா பிரசவத்துக்கு அப்புறம் போட்டுக்கலாம், தாய்ப்பால் குடுக்கிறவங்களும் போட்டுக்கலாம். ரூபெல்லான்னு சொன்னதும் எனக்கு எப்பவும் நினைவு வர்றது ஆஸ்திரேலியாவுல 1941ல கண் டாக்டர் நார்மன் கிரெக் கண்டுபிடிச்ச விஷயம். பிறவியிலேயே கண்புரையோட நிறைய குழந்தைங்க அவர்கிட்ட வந்திருக்காங்க, அவரோட கிளினிக்ல காத்துட்டிருந்த அம்மாக்கள், கர்ப்பத்துல எனக்கு அந்த அம்மை வந்துச்சு, எனக்கும் வந்துச்சுன்னு தங்களுக்குள்ள பேசிக்கிட்டது அவர் காதுல விழுந்துதுன்னு சொல்வாங்க. அங்கேருந்துதான் கர்ப்பத்துல ரூபெல்லா வந்தா குழந்தையோட கண்ணு, காது, இதயம் பாதிக்கும்னு உலகத்துக்குத் தெரிஞ்சுது. அம்மாக்களோட பேச்சுக்குக் காது குடுத்ததால வந்த அறிவு இது. நாங்களும் கொஞ்சம் காது குடுக்கணும்னு எனக்குத் தோணும்.

காது குடுத்தா என்ன கேக்குதுன்னு சொல்றேன். அதிகமா கேக்குற கேள்வி, ஊசி போட்டா ஆட்டிசம் வருமாமே? இது எங்கேருந்து வந்துதுன்னு சொன்னாலே பாதி பயம் போயிடும். 1998ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் கூட சிலரும் 12 குழந்தைகளை வச்சு, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூணுக்கும் சேத்துப் போடுற எம்எம்ஆர் ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம்ங்கிற மாதிரி ஒரு கட்டுரை எழுதுனாங்க, அதுல நேர்மையில்லாத வேலை நடந்திருக்குன்னு தெரிஞ்சு 2010ல அந்த இதழே கட்டுரையை வாபஸ் வாங்கிடுச்சு, அவரோட டாக்டர் பதிவையும் பிரிட்டன்ல அதே வருஷம் ரத்து பண்ணிட்டாங்க. அதுக்கப்புறம் எத்தனையோ ஆராய்ச்சி, டென்மார்க்ல மட்டும் ஆறரை லட்சத்துக்கும் மேல குழந்தைகளை வருஷக்கணக்கா கவனிச்சு 2019ல வெளியிட்டாங்க, எம்எம்ஆர் ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் சம்பந்தம் இல்ல. ஆட்டிசத்தோட அறிகுறி வெளிய தெரிய ஆரம்பிக்கிற வயசும் இந்த ஊசி போடுற வயசும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கிறதால பெத்தவங்க மனசுல ரெண்டும் முடிச்சுப் போட்டுக்குது. அந்த வேதனையைக் கேலி பண்ணக்கூடாது. பொறுமையா சொல்லணும்.

ஒரே நாள்ல இத்தனை ஊசியா, இந்தச் சின்ன உடம்பு தாங்குமான்னு அடுத்த கேள்வி. பிறந்த நிமிஷத்துலேருந்தே குழந்தை மூச்சுலயும் பால்லயும் தோல்லயும் எண்ண முடியாத கிருமிகளைச் சந்திச்சுட்டேதான் இருக்கு, அதோட ஒப்பிட்டா ஊசியில இருக்கிறது ரொம்பக் கொஞ்சம். தாய்ப்பால் குடுக்கிறேனே போதாதான்னு கேப்பாங்க. தாய்ப்பால் பெரிய பாதுகாப்புதான், கண்டிப்பா குடுங்க, ஆனா போலியோவையும் தட்டம்மையையும் அது மட்டும் தடுத்துடாது. அம்மா வயித்துல இருக்கும்போது குடுத்த எதிர்ப்பு சக்தியும் சில மாசத்துல கரைஞ்சிடும். அது இருக்கிற வரைக்கும் தட்டம்மை ஊசி சரியா பிடிக்காது, அதனாலதான் 9 மாசம், சில நாட்டுல 12 மாசம்னு காத்திருந்து போடுறாங்க. தேதி எல்லாம் சும்மா இஷ்டத்துக்குப் போட்டது இல்லைங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருக்கு, அதைச் சொன்னா அம்மாக்களுக்கு அட்டவணை மேல ஒரு மரியாதை வருது.

சளி இருக்கு, லேசா இருமுது, போடலாமான்னு கேட்டு திரும்பிப் போறவங்க நிறைய. சாதாரண சளிக்கெல்லாம் தள்ளிப்போட வேண்டியதில்ல, நல்ல காய்ச்சலோ பெரிய நோயோ இருந்தா டாக்டர் பாத்துட்டு முடிவு சொல்வாங்க. குறை மாசத்துல பிறந்த குழந்தைக்கும் பெரும்பாலும் பிறந்த தேதியிலேருந்து கணக்கு வச்சுதான் போடணும், அதுங்களுக்குத்தான் பாதுகாப்பு இன்னும் அவசரமா வேணும்.

இப்பதான் அந்த நோயெல்லாம் இல்லையேங்கிற கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேசணும். தட்டம்மை வந்த ஒருத்தர், எதிர்ப்பு சக்தி இல்லாதவங்க நடுவுல இருந்தா 12லேருந்து 18 பேருக்குப் பரப்புவார், 100க்கு 95 பேராவது ரெண்டு டோஸ் போட்டிருந்தாத்தான் அது அடங்கும். 1974ல உலக சுகாதார நிறுவனம் எல்லா நாட்டுக் குழந்தைகளுக்கும் தடுப்பூசின்னு திட்டம் ஆரம்பிச்சதுலேருந்து 50 வருஷத்துல சுமார் 15 கோடியே 40 லட்சம் உயிர் காப்பாத்தப்பட்டிருக்குன்னு 2024ல கணக்கு வெளியிட்டாங்க, அதுல 10 கோடிக்கு மேல ஒரு வயசு கூட ஆகாத குழந்தைங்க. நோய் கண்ணுக்குத் தெரியாமப் போனதுக்குக் காரணம் அதுதான்.

விட்டா என்ன ஆகும்னு பசிபிக் கடல்ல இருக்கிற சமோவா தீவுல பாத்தோம். 2018ல அங்க ஊசி மருந்தைக் கலக்கும்போது நடந்த பெரிய தப்பால, தண்ணிக்குப் பதிலா வேற மருந்தைக் கலந்து போட்டு ரெண்டு குழந்தைங்க இறந்துட்டாங்க. தடுப்பூசியில கோளாறு இல்ல, கலந்த விதத்துலதான் கோளாறு, ஆனா திட்டத்தையே மாசக்கணக்குல நிறுத்திட்டாங்க, ஜனங்களுக்கு நம்பிக்கை போயிடுச்சு, மூணுல ஒரு பங்கு குழந்தைங்களுக்குக் கூட ஊசி போய்ச் சேராத நிலைமை வந்துடுச்சு. 2019 கடைசியில தட்டம்மை புகுந்து, ரெண்டு லட்சம் பேர் இருக்கிற அந்தச் சின்ன நாட்டுல 83 பேர் செத்தாங்க, பெரும்பாலும் 5 வயசுக்குக் கீழ. தப்பு நடந்தா மறைக்காம, என்ன நடந்துச்சு, இனி எப்படித் தடுப்போம்னு அம்மாக்களுக்குச் சொல்லியே ஆகணும், அவங்க நம்பிக்கைதான் இந்தத் திட்டம் மொத்தத்தையும் தாங்குது.

அதுக்காக நோய் வந்த குழந்தை படத்தைக் காட்டிப் பயமுறுத்துனா வழிக்கு வருவாங்கன்னு நினைக்காதீங்க. 2014ல அமெரிக்காவுல பெத்தவங்கள வச்சு பண்ணின ஒரு ஆராய்ச்சியில, அப்படிப் படம் காட்டுனவங்களுக்கு ஊசியால ஆட்டிசம் வரும்ங்கிற நம்பிக்கைதான் கூடுச்சாம். பயத்தோட இருக்கிற மனசுல இன்னொரு பயத்தைக் கொட்டுனா அப்படித்தான் ஆகும். கனடாவுல க்யூபெக் மாகாணத்துல வேற வழி எடுத்தாங்க, பிரசவ வார்டுலயே இதுக்குன்னு பயிற்சி எடுத்தவங்க வந்து அம்மா பக்கத்துல உக்காந்து, உங்களுக்கு என்ன தெரியும், எதுல தயக்கம்னு கேட்டு, அனுமதி வாங்கிட்டு அப்புறம்தான் விஷயம் சொல்றாங்க, முடிவை அவங்ககிட்டயே விட்டுடுறாங்க. தயக்கம் குறைஞ்சுது, நேரத்துக்கு ஊசி போட்ட குழந்தைங்க எண்ணிக்கையும் கூடுச்சு. இதுக்கு மெஷின் எதுவும் வேணாம். கேக்கத் தெரிஞ்ச ஒரு ஆளும் கொஞ்சம் நேரமும் போதும், அந்த நேரத்தை எங்களுக்கு ஒதுக்கிக் குடுங்கன்னுதான் நிர்வாகத்துல இருக்கிறவங்களைக் கேக்குறேன்.

பேச்சை அம்மாவோட நிறுத்தவும் கூடாது. ராத்திரி காய்ச்சல் அடிக்கும்போது முடிவு எடுக்கிறது அவ மட்டும் இல்ல, புருஷன் இருக்கார், அம்மா இருக்காங்க, மாமியார் இருக்காங்க. செக்கப்புக்குக் கூட வர்றவங்களை வெளிய பெஞ்சுல உக்கார வைக்காம உள்ள கூப்பிட்டு சேத்துச் சொன்னா, அந்த ராத்திரி வீட்ல யாராவது ஒருத்தராவது, "சிஸ்டர் சொன்னாங்கல்ல, வர்றதுதான், பயப்படாதே" அப்படின்னு சொல்வாங்க.

என்ன சொல்லணும்? பெருசா ஒண்ணும் இல்ல. காசநோய்க்கான பிசிஜி ஊசி போட்ட இடத்துல சில வாரம் கழிச்சு சின்னக் கொப்புளம் வந்து உடைஞ்சு தழும்பாகும், மருந்து எதுவும் தடவாதீங்க, அழுத்தாதீங்க. ஊசி போட்டவுடனே கிளம்பாம அரை மணி நேரம் உக்காந்திருங்க, ரொம்ப அபூர்வமா வர்ற கடுமையான அலர்ஜி பெரும்பாலும் அந்த நேரத்துலதான் தெரியும், அதுக்கு மருந்து எங்க கையில இருக்கு. ஊசி போடும்போது குழந்தையைப் படுக்க வச்சு அமுக்கிப் பிடிக்காம மடியில அணைச்சு வச்சுக்கோங்க, அப்பவே பால் குடுங்க, வலி குறையும், இதை உலக சுகாதார நிறுவனமே 2015ல சொல்லிடுச்சு. காய்ச்சல் மருந்தை ஊசிக்கு முன்னாடியே நீங்களா குடுக்காதீங்க, அப்புறமும் எடைக்கு எவ்வளவுன்னு கேட்டுத்தான் குடுக்கணும். மூணு மணி நேரத்துக்கு மேல நிறுத்தாம அழுதா, வலிப்பு வந்தா, துவண்டு போனா, மூச்சு விட சிரமப்பட்டா விடியட்டும்னு பாக்காம உடனே தூக்கிட்டு வாங்க. இதைச் சொல்ல பத்து நிமிஷம் கூட ஆகாதுங்க.

உங்ககிட்ட நான் கேக்குறது இதுதான். வாரம் ஒரு நாள் உங்க பேப்பர்ல ஒரு சின்னக் கட்டம் ஒதுக்குங்க. கர்ப்பிணிகளும் புதுசா பெத்தவங்களும் அவங்க பேச்சுலயே கேள்வி எழுதி அனுப்பட்டும், குழந்தை டாக்டர் ஒருத்தர் அதே பேச்சு நடையில பதில் சொல்லட்டும், ஒரு வாரத்துக்கு ஒரே கேள்வி போதும். அட்டவணை நாட்டுக்கு நாடு மாறும், உங்க பேப்பரை வெளிநாட்டுல இருந்தும் படிக்கிறாங்க, அதனால தேதிக்கு அவங்கவங்க அட்டையைப் பாக்கச் சொல்லி ஒவ்வொரு தடவையும் ஒரு வரி சேத்துடுங்க. கேள்வி எவ்வளவு சின்னதா இருந்தாலும் வெட்டிப் போட்டுடாதீங்க. மொதல் வாரத்துக்கு அந்தப் பொண்ணு கேக்காம விட்ட கேள்வியையே எடுத்துக்கோங்க: ஊசி போட்ட ராத்திரி காய்ச்சல் வந்தா நான் என்ன பண்ணணும்?

இப்படிக்கு,
தடுப்பூசி பிரிவுல வேலை பாக்குற ஒரு நர்ஸ்